பழைய கிறிஸ்துமஸ் படங்கள்: உங்களை விடாத அந்த ஒரு காட்சி எது?

கேள்வி: மார்கழி மாலை

டிசம்பர் பிறந்தால் நான் முதலில் எடுத்துப் போடும் படம் ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. 1946-ல் வந்தது, கறுப்பு வெள்ளை. எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நேற்று ராத்திரி மறுபடி போட்டேன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமாவும் கூட உட்கார்ந்தார்.

அந்தப் படத்தில் எனக்கு உயிரான விஷயம் ஒரு மரக் குமிழ். ஜார்ஜ் பெய்லி வீட்டு மாடிப்படிக் கைப்பிடியின் முனையில் இருக்குமே, அதுதான். மாடிக்கு ஏறுவதற்குக் கை வைத்தால் கையோடு கழன்று வந்துவிடும். பணம் தொலைந்து, ஜெயிலுக்குப் போகவேண்டி வருமோ என்ற பயத்தோடு வீட்டுக்கு வரும் அந்த ராத்திரியும் அது கழன்று வருகிறது, அவன் அதைப் பார்க்கும் பார்வையில் எங்கேயாவது வீசி எறிந்துவிடுவான் என்றே நமக்குத் தோன்றும், ஆனால் எறியாமல் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போவான். கடைசியில், தான் பிறக்காமலே போயிருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்று பார்த்துவிட்டு மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடி வந்து அதே படியில் ஏறும்போது அதே குமிழ் அதேபோல் கையில் வருகிறது. அதற்கு ஒரு முத்தம் கொடுக்கிறான். அந்த வீடு இன்னும் அதே ஓட்டை வீடுதான், குமிழை யாரும் ஒட்டி வைக்கவில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் அங்கேதான் தொண்டை அடைக்கும்.

படம் முடிந்ததும் மாமா சொன்னார்: "நல்ல படம்தாம்ப்பா, ஆனா பண்டிகை நேரத்துல பாக்குற படமா இது? முக்கால்வாசி நேரம் அவன் படுற கஷ்டத்தைத்தானே காட்டுறாங்க." எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அவர் பேரப்பிள்ளைகளோடு 'ஹோம் அலோன்' பார்த்திருக்கிறார், வேறு கிறிஸ்துமஸ் படம் எதுவும் பார்த்ததில்லை. முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் ஓரளவுக்குப் புரியும், சப்டைட்டில் இருந்தால் போதும். புத்தாண்டு வரைக்கும் எங்களோடு இருப்பார்.

இரண்டு கேள்வி. பழைய கிறிஸ்துமஸ் படங்களில் உங்களை விடாத காட்சி எது? அப்புறம், மாமாவுக்கு அடுத்ததாக எதைப் போட்டுக் காட்டலாம்?

பதில்: பழைய ரீல்

குமிழைச் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அதைக் கவனித்த இன்னொருவர் இருக்கிறாரே என்று.

என்னுடைய காட்சியும் அதே படம்தான். மதுக்கடையில் ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டீவர்ட் தனியாக உட்கார்ந்து, வாயருகே விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு, எனக்கு வழி காட்டு என்று கடவுளிடம் கேட்பாரே, அது. அவர் அழுவார் என்று திட்டமே இல்லை. போக்கிடம் இல்லாதவர்களின் தனிமை அந்த வரிகளைச் சொல்லும்போது தன்னைத் தாக்கியதாகவும் தானாகவே கண்ணீர் வந்துவிட்டதாகவும் அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். கேமரா கொஞ்சம் தள்ளி இருந்தது. அந்த அழுகையை மறுபடி எடுத்தால் வராது என்று தெரிந்து, காப்ரா எடுத்த படச்சுருளையே லேபில் பெரிதாக்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள், அந்த இடத்தில் படம் லேசாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். எனக்கு அந்தப் புள்ளிகள்கூடப் பிடிக்கும். பிரார்த்தனை முடிந்த அடுத்த நொடியே பக்கத்தில் இருப்பவன் ஜார்ஜின் தாடையில் ஒரு குத்து விடுகிறான், அதுதான் காப்ரா. கேட்டவுடன் வரம் கிடைத்துவிடாது அவர் படத்தில்.

இன்னொன்று, அந்தப் பனி. படம் எடுத்தது 1946 கோடையில், கலிஃபோர்னியா வெயிலில். பாலத்தின்மேல் ஸ்டீவர்ட் முகத்தில் மினுங்குவது வியர்வை. அதற்கு முன்பெல்லாம் சினிமாப் பனி என்றால் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸ்தான், மிதித்தால் நொறுநொறுவென்று சத்தம் வரும், அதனால் வசனத்தைப் பிற்பாடு தனியாகப் பேசி ஒட்டவேண்டும். இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து காற்று மெஷினால் அடித்துச் சத்தமே இல்லாத பனியை உண்டாக்கினார்கள், அந்த முறைக்குப் பிற்பாடு அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. அதனால்தான் பாலத்தில் அவர் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அப்போதே, அங்கேயே பதிவானதாக இருக்கிறது, குரல் உடைவதும் சேர்த்து.

வண்ணம் பூசிய பதிப்பு ஒன்று சுற்றுகிறது, தயவுசெய்து மாமாவுக்கு அதைக் காட்டிவிடாதீர்கள். ஸ்டீவர்ட்டே அதை வெளிப்படையாக எதிர்த்தவர்.

பதில்: கண்ணாடி அலமாரி

ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவரா? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' போடுங்கள். 1940, எர்ன்ஸ்ட் லூபிட்ச், இதிலும் ஜேம்ஸ் ஸ்டீவர்ட்தான். புடாபெஸ்டில் மாட்டுசெக் என்பவருடைய கடை. தோல் பை, பர்ஸ், பெட்டி மாதிரி சாமான்கள் விற்கும் சின்னக் கடை. லூபிட்சின் அப்பா பெர்லினில் தையல் கடை வைத்திருந்தவர், இவரும் சின்ன வயதில் அங்கே வேலை பார்த்திருக்கிறார். அது படம் முழுக்கத் தெரியும். காலையில் முதலாளி வருவதற்கு முன் வாசலில் கூடி நிற்பது, அவர் கேட்கும் கருத்துக்கு யார் என்ன சொல்வது என்று தயங்குவது, சரக்குப் போகாமல் தேங்கினால் யார் தலையில் விழும் என்ற கவலை, இதெல்லாம் கடையில் நின்றவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். முகம் தெரியாத ஒருத்திக்கு ஸ்டீவர்ட் கடிதம் எழுதுகிறார், அந்த ஒருத்தி பக்கத்துக் கவுண்ட்டரில் நின்று தினமும் தன்னோடு சண்டை போடுபவள்தான் என்பது இருவருக்கும் தெரியாது. டாம் ஹாங்க்ஸும் மெக் ரயனும் நடித்த 'யூ ஹேவ் காட் மெயில்' இதிலிருந்து வந்ததுதான், அதில் மெக் ரயனின் புத்தகக் கடைக்கே இந்தப் படத்தின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

என்னை விடாத காட்சி காதல் காட்சி இல்லை. தபால் நிலையத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கடிதப் பெட்டிகள், கேமரா அவற்றின் உள்பக்கம் இருக்கிறது. கையுறை போட்ட ஒரு கை உள்ளே வந்து துழாவும். பெட்டியில் ஒன்றும் இல்லை. கை போய்விடும், அந்தச் சின்னச் சதுரத்துக்குள், அந்தப் பெண்ணாக நடித்த மார்கரெட் சல்லவனின் முகம் தெரியும். கண் மட்டும் உள்ளே தேடும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேச்சு இல்லை. அவளோடு எரிந்து விழுந்துகொண்டிருந்த நாமும் அந்த இடத்தில் அவள் பக்கம் போய்விடுவோம்.

அப்புறம் கடைசியில், கிறிஸ்துமஸ் முந்தின நாள் ராத்திரி. வியாபாரம் அமோகமாக முடிந்திருக்கிறது. மாட்டுசெக்கிற்கு வீட்டில் இனி யாரும் இல்லை, மனைவி அவருக்குச் செய்த துரோகத்தில் சாகப்போய்ப் பிழைத்தவர் அவர். பனி கொட்டும் வாசலில் நின்றுகொண்டு, வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் நீ எங்கே போகிறாய் என்று கேட்கிறார். எல்லாருக்கும் போக ஓர் இடம் இருக்கிறது. கடைசியாக வருகிறான் புதிதாகச் சேர்ந்த எடுபிடிப் பையன். அவனுக்கு ஊரில் யாரும் இல்லை. வா, சாப்பிடப் போகலாம் என்று சொல்லி, கோழி சூப்பு, வாத்து வறுவல், வெள்ளரிக்காய் சாலட் என்று ஒவ்வொன்றாக அடுக்குவார் பாருங்கள், பையனின் முகம் மலர மலர அவர் குரலும் ஏறும். உலகத்தில் எடுக்கப்பட்ட எல்லா கிறிஸ்துமஸ் விருந்துக் காட்சிகளிலும் எனக்கு இதுதான் முதல், தட்டு ஒன்றுகூடக் காட்டாமலே.

பதில்: ஞாயிறு மேட்னி

நான் 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' பக்கம். 1947 படத்தைச் சொல்கிறேன். நியூயார்க்கின் மேசிஸ் கடையில் சாண்டாவாக உட்காரும் கிழவர், நான் நிஜமாகவே சாண்டாதான் என்கிறார், விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. எட்மண்ட் குவென்னுக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது, கதைக்கும் திரைக்கதைக்கும்கூட ஒவ்வொன்று. 1946 நவம்பரில் நடந்த மேசிஸ் ஊர்வலத்திலேயே அவரை சாண்டாவாக வண்டியில் ஏற்றிப் படம் எடுத்தார்கள், தெருவில் நிற்பது உண்மையான ஜனம். இவ்வளவு செய்துவிட்டுப் படத்தைக் கோடையில் வெளியிட்டார்கள். கோடையில்தான் தியேட்டருக்குக் கூட்டம் வரும் என்பது ஸ்டூடியோக்காரர் ஜானக்கின் கணக்கு.

காட்சி? போரில் அனாதையான ஒரு டச்சுக் குழந்தையை வளர்ப்புத் தாய் கூட்டி வருவாள். இவளுக்கு ஆங்கிலம் தெரியாது, சாண்டாவோடு பேச முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்வாள். குவென் குழந்தையின் பக்கம் திரும்பி டச்சு மொழியில் பேச ஆரம்பிப்பார், இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஊர் சாண்டா பாட்டைப் பாடுவார்கள். சப்டைட்டில் போடவில்லை. நமக்கு ஒரு சொல்லும் புரியாது. புரியவேண்டியவளுக்குப் புரிகிறது, அவள் முகம் விரிகிறது, அதை ஓரமாக நின்று சின்னப் பெண் நடாலி வுட் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சாண்டா என்று யாரும் இல்லை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண். அவள் கண்ணில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் வரும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இதைத்தான் முதலில் போடவேண்டும்.

பதில்: பின்வரிசை இருக்கை

மாமா கேட்டது நியாயமான கேள்வி, யாரும் அதற்குப் பதில் சொல்லாமல் போகிறீர்களே.

இந்தப் படங்கள் வந்த வருஷங்களைப் பாருங்கள்: 1940, 1944, 1946, 1947. போர் நடந்த காலம், இல்லையென்றால் முடிந்த கையோடு. ஜேம்ஸ் ஸ்டீவர்ட் குண்டுவீச்சு விமானத்தில் 20 தடவை சண்டைக்குப் போய்விட்டு வந்தவர், திரும்பி வந்து நடித்த முதல் படம் 'வொண்டர்ஃபுல் லைஃப்'. பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்கும்? அவர்களிடம் போய் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அதனால் மாமா சொன்ன அந்த முக்கால்வாசிக் கஷ்டம் இல்லாமல் கடைசிக் கால்வாசி சந்தோஷத்துக்கு மதிப்பே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்தில் (1944) ஜூடி கார்லண்ட் ஜன்னலோரம் தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடும் கிறிஸ்துமஸ் பாட்டை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். ஹியூ மார்ட்டின் முதலில் எழுதிய வரிகள், இதுவே உன் கடைசி கிறிஸ்துமஸாக இருக்கலாம் என்ற மாதிரி இருந்தன. இதை ஒரு குழந்தையிடம் எப்படிப் பாடுவது என்று ஜூடி மறுத்தார், அதற்குப் பிறகுதான் மாற்றினார்கள். மாற்றிய பிறகும் அது சோகப் பாட்டுதான். பாட்டு முடிந்ததும் அந்தத் தங்கை, மார்கரெட் ஓ'பிரையன், ராத்திரி உடுப்போடு தோட்டத்துக்கு ஓடி, தாங்கள் செய்து வைத்த பனி மனிதர்களை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்குவாள். ஊரை விட்டுப் போகிறோம், கூடக் கொண்டுபோக முடியாததை வேறு யாருக்கும் விட்டுவைக்க மாட்டேன் என்று. மாடி ஜன்னலிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்தப் பிள்ளையின் தேம்பல் போகவே போகாது.

'வொண்டர்ஃபுல் லைஃப்' படத்திலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மருந்துக்கடைக் காட்சிதான். மகன் இறந்துபோன தந்தி வந்த துக்கத்தில் குடித்துவிட்டு, கடைக்காரர் மிஸ்டர் கவர் தெரியாமல் விஷத்தை மாத்திரையில் அடைத்துவிடுகிறார். சிறுவன் ஜார்ஜ் அதைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் திரும்பி வர, கோபத்தில் அவனைக் காதோடு சேர்த்து அறைகிறார், ஏற்கனவே கேட்காத காது, ரத்தம் வருகிறது. விஷயம் புரிந்த நொடியில் அதே கையால் அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். கவராக நடித்த எச்.பி. வார்னர், 1927-ல் மௌனப் படத்தில் இயேசுவாக நடித்தவர். தொலைந்த பணத்தை அமுக்கிக்கொண்ட பணக்காரர் பாட்டர் கடைசி வரை மாட்டவே இல்லை, அந்த 8,000 டாலர் அவரிடமேதான் இருக்கிறது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. அவரைப் பிடிக்க யாரும் போகவில்லை, எல்லாரும் ஜார்ஜ் வீட்டுக்குத்தான் வருகிறார்கள், சில்லறையைக் கூடையில் கொட்டிக்கொண்டு.

பதில்: தொண்ணூறுகளின் பிள்ளை

'ஹோம் அலோன்' பற்றி இங்கே யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். 1990 படம், கிளாசிக் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

திருடர்கள் வழுக்கி விழுவதை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள், நான் சர்ச் காட்சிக்காகப் பார்க்கிறேன். தெருவே பயந்து ஒதுங்கும் கிழவர் மார்லி, வீட்டில் தனியாக விடப்பட்ட பையன் கெவின் பக்கத்தில் வந்து உட்கார்வார். பேத்தி பாட்டுக் குழுவில் பாடுகிறாள், மகனோடு பேச்சு இல்லாததால் தூரத்திலிருந்து பார்க்கத்தான் வந்திருக்கிறார். கூப்பிட்டுப் பேசுங்களேன் என்று எட்டு வயதுப் பையன் சொல்வான், மகன் பேசமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கிழவர் பயப்படுவார். பெரியவருக்கும் சிறியவனுக்கும் ஒரே பயம். கடைசியில் கெவின் தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பான், எதிரே கிழவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டிருப்பார், கை அசைப்பார். ஜான் வில்லியம்ஸின் இசை அங்கே மெதுவாக எழும்பும்.

இன்னொரு விஷயம், மாமாவுக்குச் சொல்லுங்கள்: பாரிஸில் மாட்டிக்கொண்ட கெவினின் வீட்டார் டிவி பார்க்கும் இடத்தில் ஓடுவது அவர் நேற்றுப் பார்த்த அதே 'வொண்டர்ஃபுல் லைஃப்'தான், பிரெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் அந்தப் படம் எந்த அளவுக்கு வீட்டுப் பொருளாக ஆகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. 1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், டிவி நிலையங்கள் காசில்லாமல் ஒவ்வொரு டிசம்பரும் ஓட்ட ஆரம்பித்தன. வந்தபோது போட்ட காசை எடுக்காத படம், ஐந்து ஆஸ்கர் பரிந்துரையில் ஒன்றையும் வெல்லாத படம், அப்படித்தான் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது.

பதில்: மார்கழி மாலை (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. பின்வரிசை இருக்கை எழுதியதை மாமாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன், "அதுவும் சரிதான்" என்றார், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' போட்டேன். கண்ணாடி அலமாரி சொன்னது நூற்றுக்கு நூறு. திறந்தால் பாட்டுப் பாடும் சிகரெட் பெட்டியை மிட்டாய்ப் பெட்டி என்று சொல்லி மார்கரெட் சல்லவன் விற்கும் இடம் வந்ததே, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பாட்டுக் கேட்டால் அதிகமாகத் தின்னாமல் இருக்கலாம் என்று அந்த அம்மாவிடம் சொல்வாளே, மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இவளுக்கு விக்கத் தெரியுது. இப்படி ஒருத்தி இருந்தா எங்க கடையில விட்டிருக்கவே மாட்டோம்" என்றார். பிற்பாடு அதே பெட்டிகள் விலை குறைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் குவிந்து கிடப்பதைக் காட்டும்போது, "நான் அப்பவே நெனச்சேன், இது நிக்கிற சரக்கு" என்று சொல்லித் தலையை ஆட்டினார்.

கடைசியில் முதலாளி பனியில் நின்று ஒவ்வொருவரையும் கேட்கும் காட்சிக்கு மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. படம் முடிந்து விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போன பிறகு, இருட்டில், தான் வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கடையை அடைக்க ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டதாம், ஊருக்குப் போக பஸ் இல்லையாம், ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு முதலாளி வாடா என்று தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாராம். அவருக்கு அப்போது வயது பதினேழு. இலையில் என்னென்ன வைத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார், வெந்தயக் குழம்பிலிருந்து அதிரசம் வரைக்கும்.